நனைக்காம வெட்டாதீங்க: தையல் கேள்வி-பதில்

தீபாவளி நெருங்குதுன்னா கடைக்கு துணி வர்றதுக்கு முன்னால புலம்பல் வந்துரும். இந்த தடவ நம்ம கடை இருக்கிற சுங்கை சிப்புட்ல மட்டுமில்ல, பகாவ், கூலிம், பாகான் செராய்னு எல்லா பக்கத்துலருந்தும் வந்திருக்கு. மிஷின் பக்கத்துல துணி குவிஞ்சு கிடக்கு, அதனால எல்லாருக்கும் நீட்டி பதில் சொல்ல முடியாது, கோவிச்சுக்காதீங்க.

தலையணைய அளந்து சரியா அதே அளவுக்கு துணி வெட்டி தச்சேன் அக்கா. உறைக்குள்ள தலையணை போகவே மாட்டேங்குது. (பகாவ்)

எப்படி போகும்? தையலுக்கு துணி விட்டீங்களா? சுத்தி அரை இஞ்சாவது விட்டுத்தான் வெட்டணும், வாய் வர்ற பக்கம் உள்ள மடிக்கிறதுக்கு இன்னொரு 6 இஞ்சு. தச்சத பிரிக்காதீங்க, பிள்ளைங்க தலையணைக்கு ஆகும்.

பழைய சிங்கர் மிஷினு. மேல தையல் நல்லாதான் விழுது, அடியில மட்டும் நூல் கொத்து கொத்தா சுத்திக்குது. அடி நூல் உருளை உக்கார்ற பாபின் கேஸ் புதுசு மாத்தியும் சரியாகல. (சுங்கை பட்டாணி)

அடியில சிக்குனா தப்பு மேல. எல்லாரும் பாபினைத்தான் திட்டுறீங்க, காச கொட்டி கேஸ மாத்துறீங்க. நூல் கோக்குறப்ப துணிய அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்த தூக்கி வச்சுட்டு கோத்துப் பாருங்க. பாதம் கீழ இருந்தா மேல் நூல பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் இறுக்கி மூடியிருக்கும், நூல் நடுவுல போய் உக்காராது, அப்புறம் மேல் நூல இழுத்துப் பிடிக்க ஒண்ணும் இல்லாம அத்தனையும் அடியில போய் குமியும். தைக்க ஆரம்பிக்கிறப்ப ரெண்டு நூலோட முனையையும் பின்னால பிடிச்சுக்கிட்டு நாலு தையல் ஓட்டுங்க. அப்படியும் சிக்குனா ஊசிய கழட்டி வெளிச்சத்துல பாருங்க, ஒரு பக்கம் நீளமா பள்ளம் ஓடும், நூல் எந்த பக்கத்துலருந்து நுழையுதோ அந்த பக்கம் பள்ளம் பார்க்கணும். இது மிஷினுக்கு மிஷின் மாறும், பக்கத்து வீட்டு மிஷின பார்த்து மாட்டாதீங்க.

என் அளவு 36, 30. ப்ளவுஸுக்கு எவ்ளோ துணி வாங்கணும்? (பேரும் இல்ல, ஊரும் இல்ல)

துணி அகலம்? கை குட்டையா, முழங்கை வரைக்குமா? நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன். 36ன்னா இஞ்சுன்னு நானே வச்சுக்கிறேன். 44 இஞ்சு அகல துணின்னா குட்டை கைக்கு 1 மீட்டர் போதும், 58 இஞ்சுன்னா முக்கா மீட்டர் சுமாருக்கு ஆகும். காட்டன்னா கூட ஒரு 10 சென்டி சேர்த்து வாங்குங்க, ஏன்னு கீழ படிங்க.

பட்டுப்புடவையோட வந்த பிட்டுல ப்ளவுஸ் வெட்டினேன். ரெண்டு கையும் வலது கையாவே வந்துருச்சு. கல்யாணம் அடுத்த வாரம் அக்கா! (ஈப்போ)

துணிய ஒத்தையா விரிச்சு, கை அளவுக்கு வெட்டின ஒரே பேப்பர திருப்பாம ரெண்டு தடவ வச்சு வெட்டியிருக்கீங்க. கையில முன்பக்க வளைவு ஆழமா இருக்கும், பின்பக்கம் கம்மி, அதனாலதான் ஒரு கைக்குன்னு வெட்டினது இன்னொரு கைக்கு உக்காராது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சாதா காட்டன்னா ஒண்ண திருப்பிப் போட்டு தச்சுட்டு போயிருக்கலாம், பட்டுல நல்ல பக்கம் பளிச்சுன்னு தெரியும், ஆகாது. கை நீளத்துல ஒண்ணரை இஞ்சு குறைச்சுக்க மனசு வருமா? வந்தா ஒரு கையோட மேல் வளைவ கீழ இறக்கி எதிர்பக்கமா திரும்ப வெட்டுங்க, மத்த கைய அதே நீளத்துக்கு குறைங்க. பக்கத் தையல்ல துணி இருக்கான்னு மொதல்ல பாருங்க, இறக்குனா கை கொஞ்சம் டைட் ஆகும்.

காட்டன் பஞ்சாபி சூட் நானே தச்சேன், போட்டுப் பார்த்தப்ப கச்சிதம். ஒரு தடவ துவைச்சதும் டாப்ஸ் மேல ஏறிடுச்சு, லைனிங் வெளிய தொங்குது. கடையில சுருங்காதுன்னுதான் சொன்னாங்க. சாயம் போகக்கூடாதுன்னு உப்பு தண்ணியில வேற ஊற வச்சேன். (பாகான் செராய்)

இதுக்குத்தான் வருஷா வருஷம் தொண்டை கிழிய கத்துறேன். கடையில விக்கிறவங்க சுருங்காதுன்னுதான் சொல்லுவாங்க, சுருங்கும்னு சொன்னா நீங்க வாங்குவீங்களா? மில்லுல துணி நெய்யிறப்பவும் ஃபினிஷிங் பண்றப்பவும் நூல இழுத்து விறைப்பா வச்சிருப்பாங்க, கஞ்சி வேற ஏத்தியிருப்பாங்க. தண்ணி பட்டதும் அந்த இழுப்பு விட்டுரும், நூல் தன் பழைய நீளத்துக்கு திரும்பிரும். காட்டன் நூத்துக்கு 3லருந்து 5 வரைக்கும் சாதாரணமா சுருங்கும், ரேயான் அதுக்கு மேலயே சுருங்கும். உங்க டாப்ஸ் 40 இஞ்சு நீளம்னு வச்சுக்குங்க, ஒரு துவைப்புக்கே 1லருந்து 2 இஞ்சு போச்சு. உங்க லைனிங் பாலியஸ்டரா இருக்கும், அது சுருங்கவே சுருங்காது, அதான் ஒரு விரல் அளவுக்கு வெளிய எட்டிப் பார்க்குது. சில பேருக்கு இது தலைகீழா நடக்கும், மேல ஜார்ஜெட், உள்ள காட்டன், துவைச்சதும் லைனிங் இழுத்து மேல் துணி கொசுவி நிக்கும், அயர்ன் பொட்டிய எவ்ளோ அழுத்தினாலும் நேராகாது.

உப்பு யாரு சொல்லிக் குடுத்தது? அம்மாவா, மாமியாரா? சாயத் தொட்டியில உப்பு போடறது நூலுக்குள்ள சாயத்த ஏத்தறதுக்கு. கடைக்கு வந்து சேர்ந்த துணிக்கு நீங்க வாளியில அரை பாக்கெட் உப்ப கொட்டுனா ஒட்டாம நிக்கிற சாயம் ஒட்டிக்காது. அந்த மிச்ச சாயம் வெளிய வந்தே தீரும், தண்ணி தெளியிற வரைக்கும் தனியா ரெண்டு மூணு தடவ அலசி விடுங்க, அவ்ளோதான் வைத்தியம். சிவப்பு, மெரூன், கரு நீலம் இதெல்லாம் வாங்கினா மூலையில ஒரு ஈர வெள்ளைத் துணிய வச்சு அயர்ன் பண்ணிப் பாருங்க, வெள்ளையில ஏறினா அந்த துணிய வேற எதோடயும் ஊறப் போடாதீங்க.

இப்ப உங்க சூட்டுக்கு என்ன பண்றது? டாப்ஸோட கீழ் மடிப்புல துணி விட்டிருந்தா பிரிச்சு இறக்குங்க, இல்லன்னா லைனிங்க குறைச்சு அடிங்க. இனிமே வாங்குன அன்னிக்கே ஒரு மணி நேரம் தண்ணியில போட்டு, பிழியாம நிழல்ல காய வச்சு, லேசா ஈரம் இருக்கறப்பவே அயர்ன் பண்ணி, கரைய பார்த்து நேரா மடிச்சு, அப்புறம்தான் கத்திரி. ஜரிகை, பட்டு மட்டும் இதுல சேராது, அத தண்ணிப் பக்கமே கொண்டு போகாதீங்க. மழை காலத்துல காயாதுன்னு சொல்லாதீங்க, ஃபேன் இருக்கு. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால துணி வாங்கிட்டு நனைக்க டைம் இல்லன்னு என்கிட்ட வந்து நிக்கிறவங்களுக்கும் இதேதான் பதில்.

புடவைக்கு ஃபால் அடிச்சேன், துவைச்சப்புறம் கீழ எல்லாம் சுருக்கம். (தாப்பா)

மேல சொன்னதேதான். ஃபால் காட்டன், அது சுருங்கி புடவைய இழுத்துக்கிச்சு. பிரிச்சு, ஃபால நனைச்சு, காய வச்சு, தளர்த்தி அடிங்க.

பாப்பாவோட ஸ்கூல் பினாஃபோர் நீளமா இருந்துச்சு, மீதிய வெட்டிட்டு ஓரம் அடிச்சேன். இப்ப வருஷம் முடியறதுக்குள்ள முட்டிக்கு மேல போயிருச்சு. (கூலிம்)

வளர்ற பிள்ளை துணிய யாராவது வெட்டுவாங்களா? 3 இஞ்சா இருந்தாலும் உள்ள மடிச்சு கையால தைக்கணும். வெட்டினது வெட்டினதுதான், அதே நீலத்துல கீழ ஒரு பட்டை ஒட்டலாம், ஆனா வெளுத்த துணிக்கும் புது துணிக்கும் கலர் சேராது. புதுசு வாங்கிருங்க.

தம்பியோட ஃபுட்பால் ஜெர்சிய சுருக்கினா தையல் விட்டு விட்டு விழுது. (சுங்கை சிப்புட்)

சாதா ஊசி போட்டிருப்பீங்க. ஜெர்சிக்கு முனை உருண்டையா இருக்கிற பால்பாயிண்ட் ஊசி வாங்குங்க, 11 இல்ல 14 நம்பர். தையலும் நேரா ஓட்டாம சின்ன ஜிக்ஜாக்ல ஓட்டுங்க, இல்லன்னா தலைய விட்டு இழுக்கிறப்ப நூல் பட்டுன்னு அறுந்துரும். கையிலதான மிஷின் இருக்கு, நம்ம டவுன்லயே இருக்கீங்க, ஒரு நாள் ஜெர்சிய எடுத்துக்கிட்டு கடைப் பக்கம் வாங்க, காலையில வாங்க.

என் துணி கத்திரிய வீட்டுக்காரரு எடுத்து உர மூட்டை வெட்டிட்டாரு. இப்ப துணிய மெல்லுது, வெட்ட மாட்டேங்குது. (தஞ்சோங் மாலிம்)

சாணை பிடிக்கிறவங்ககிட்ட குடுங்க, பத்து இருபது வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) முடிஞ்சிரும். நடுவுல இருக்கிற திருகாணிய கொஞ்சம் இறுக்கச் சொல்லுங்க, பாதி கத்திரி அது தளர்ந்துதான் மெல்லும். அவருக்கு 3 வெள்ளிக்கு தனியா ஒரு கத்திரி வாங்கி மோட்டார் பொட்டியில போட்டு விடுங்க, உங்களது அலமாரியில சாவியோட.