பார்த்த படம், சீரிஸ் பற்றி அடுத்தவருக்குப் பயன்படும்படி கருத்துச் சொல்வது எப்படி?

‘நல்லா இருக்கு, பாருங்கன்னு சொன்னா, பார்த்துட்டு வந்து அப்படி ஒண்ணும் இல்லையேங்கிறாங்க. எங்கே தப்பு?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ரசனை ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு மருந்து இல்லை. ஆனால் இப்படி நடக்கிற பல நேரங்களில் பழியை ரசனை மேல் போட வேண்டியதே இல்லை. ஒரே பெயரில் நீங்கள் பார்த்தது ஒன்று, அவர் பார்த்தது வேறொன்று. அதனால் எத்தனை ஸ்டார் என்பதற்கு முன்னால், எதில் பார்த்தீர்கள், எந்த மொழியில், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

‘பெரிய பட்ஜெட்னு சொன்னாங்க, பார்த்தா டிவி சீரியல் மாதிரி இருக்கு’ என்று அடிக்கடி கேட்கிறோம். ஒளிப்பதிவாளரைத் திட்டுவதற்கு முன் டிவியின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுவது. டிவி திரையோ நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கப்படுவது. இடையில் உள்ள இடைவெளியை நிரப்ப, படத்தில் இல்லாத ஃப்ரேம்களை டிவியே கணக்குப் போட்டு உருவாக்கிச் செருகுகிறது. இதற்கு சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் என்று பெயர். இது ஓடிக்கொண்டிருந்தால் அசைவுகள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும், போட்ட செட், செட் என்றே தெரியும். 2018 டிசம்பரில் டாம் குரூஸே வீடியோ போட்டு ‘இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். 2019இல் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஒன்று அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் அந்த ஒரு தேர்வு போதும். இந்தச் செருகல், கூடுதல் ஷார்ப்னெஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன் மூன்றும் அணைந்துவிடும். இல்லையென்றால் சினிமா மோடுக்கு மாற்றுங்கள். சில டிவிகளில் சினிமா மோடிலும் செருகல் நிற்காது, அதைத் தனியாகத் தேடி அணைக்க வேண்டும். அணைத்த பிறகு, கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் லேசான குலுக்கல் தெரியலாம். 60ஐ 24 சமமாக வகுக்காது, ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வருவதால் அப்படி. 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும்) திரையில் ஒவ்வொன்றும் ஐந்து முறை வரும் என்பதால், டிவி அதைச் சரியாகக் கையாண்டால் இந்தக் குலுக்கல் இருக்காது. (விளையாட்டு பார்க்கும்போது வேண்டுமானால் செருகலைப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.)

இருட்டுக் காட்சிக்கும் இதே எச்சரிக்கை. 2019இல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசனின் மூன்றாவது எபிசோட் வந்தபோது, போர்க்களத்தில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார். இருட்டாகக் காட்டியது திட்டமிட்டதுதான். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் டேட்டாவைச் சுருக்கும்போது முதலில் அடிவாங்குவது கருமைக்குப் பக்கத்தில் உள்ள நிறங்கள்தான். நெருக்கமான பத்து நிழல்கள் மூன்றாகி, திரையில் பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் நிற்கும். அறை விளக்கை அணைத்து, டிவியின் மின்சேமிப்பு மோடை எடுத்துவிட்டு, இணைய வேகம் குறைந்து தரம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் முகம் தெரியவில்லை என்றால் தாராளமாக ஒளிப்பதிவைக் குறை சொல்லலாம்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது கோளாறு இல்லை. ஸ்கோப் என்கிற அகலத்திரைப் படத்தின் அகல-உயர விகிதம் 2.39:1, டிவியின் விகிதம் 1.78:1. பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் போட்டால் படத்தின் அகலத்தில் கால்வாசி காணாமல் போகும். ஓரத்தில் நிற்பவரின் முகபாவம், கதவருகே தெரியும் நிழல் எல்லாம் அந்தக் கால்வாசிக்குள் போய்விடலாம். சில நேரம் ஸ்ட்ரீமிங் தளமே இந்த வேலையைச் செய்துவிடும். பழைய 4:3 டிவிக்காக எடுத்த சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க காமெடித் தொடரை 2021இல் நெட்ஃபிளிக்ஸ் அகலத்திரைக்கு வெட்டிப் போட்டபோது, சாலைப் பள்ளத்தை வைத்தே எழுதப்பட்ட எபிசோடில் பள்ளம் ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. அதைப் பார்த்தவர் ‘ஜோக் எடுபடலை’ என்று எழுதினால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

‘சண்டைன்னா காது கிழியுது, பேசுனா ஒண்ணும் கேக்கலை.’ பெரும்பாலும் இது ஒலி மிக்ஸிங் செய்தவரின் அலட்சியம் இல்லை. 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள டிவியில் அந்த நடு ஒலியைக் குறைத்து, இரண்டு பக்கமும் பிரித்து, இசையோடும் சத்தங்களோடும் கலந்துவிடுவார்கள். போதாததற்கு, தியேட்டருக்கான மிக்ஸ் 85 டெசிபலை அளவுகோலாக வைத்துச் செய்யப்படுவது. வீட்டில் அந்த அளவுக்கு யாரும் வைப்பதில்லை, அதனால் கிசுகிசுப்பு ஃபேன் சத்தத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஆப்பின் ஆடியோ பட்டியலில் 5.1க்குப் பதிலாக ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் நைட் மோட் இருந்தால் சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறைக்கும். ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கிறது என்றால் பிரச்சினை உங்கள் ஸ்பீக்கரில் இருக்கிறது, படத்தில் இல்லை.

பதிப்பைப் பற்றி ஒரே ஓர் உதாரணம் போதும். பிளேடு ரன்னர் என்ற ஹாலிவுட் படம் 1982இல் வெளியானபோது நாயகனின் பின்னணிக் குரலும் சுபமான முடிவும் இருந்தன. 1992 பதிப்பில் இரண்டுமே இல்லை. 2007இல் இன்னொன்று வந்தது. முடிவைப் பற்றி வாதாடுகிற இரண்டு பேர் எதைப் பார்த்தார்கள் என்று முதலில் சொல்லிக்கொள்வது நல்லது.

டப்பிங்கில் பார்த்தீர்கள் என்றால் நடிப்பைப் பற்றிய தீர்ப்பைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். முகம், உடல்மொழி பற்றிப் பேசலாம். குரல் வேறொருவருடையது. வசனமும் அப்படியே வந்ததில்லை, வாயசைவுக்கு ஏற்றபடி நீட்டியோ சுருக்கியோ எழுதியது. சப்டைட்டிலுக்கும் இடநெருக்கடி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போட மாட்டார்கள், வேகமாகப் பேசும் காட்சியில் வசனத்தில் கொஞ்சத்தை விழுங்கித்தான் ஆக வேண்டும். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. 2021இல் ஸ்குவிட் கேம் என்ற கொரிய சீரிஸ் வந்தபோது ஆங்கிலத்தில் இரண்டு வகை சப்டைட்டில் இருந்தது. காது கேளாதோருக்கான சிசி என்று குறித்திருந்தது டப்பிங் வசனத்தை ஒட்டியது, மற்றது கொரிய வசனத்துக்கு நெருக்கமானது. மூலமொழியில் கேட்டுக்கொண்டு சிசியைப் படித்தவர்கள் ஏகப்பட்ட நுணுக்கங்களை இழந்தார்கள். மூலமொழியில் பார்க்கும்போது சிசி என்ற குறிப்பு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

1.5 மடங்கு வேகத்தில் பார்த்திருந்தால் ‘கதை வேகமாப் போகுது’, ‘காமெடி வொர்க் ஆகலை’ என்ற இரண்டையும் எழுதாதீர்கள். சிரிப்பு பாதி மௌனத்தில் இருக்கிறது, அந்த மௌனத்தைத்தான் சுருக்கிவிட்டீர்கள்.

இனி யாரைக் குறை சொல்வது என்பது. ‘எடிட்டிங் சரியில்லை’ என்பது இணையத்தில் அதிகம் வீணடிக்கப்படும் வாக்கியம். படம் நீளம் என்று தோன்றினால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். அந்தக் காட்சியை முழுக்க எடுத்துவிட்டாலும் பின்னால் எதுவும் குலையவில்லையா? அது பெரும்பாலும் திரைக்கதையின் கோளாறு. காட்சி தேவைதான், ஆனால் விஷயம் முடிந்த பிறகும் ஷாட் நிற்கிறது, அல்லது யார் எங்கே நிற்கிறார் என்று பிடிபடுவதற்குள் வெட்டுகிறார்களா? இப்போது எடிட்டிங்கைச் சொல்லலாம். நடிகர் எல்லாக் காட்சியிலும் ஒரே தொனியில் பேசினால் அதில் இயக்குநருக்கும் பங்கு உண்டு, அந்த டேக்கை ஓகே செய்தவர் அவர்தானே. சீரிஸில் எபிசோடுக்கு எபிசோட் இயக்குநர் மாறலாம். கதையின் போக்கைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஷோரன்னர், அதாவது சீரிஸை முழுக்கப் பொறுப்பேற்று நடத்துபவர். ‘டைரக்டர் சொதப்பிட்டார்’ என்று எழுதும் முன் அந்த எபிசோடின் டைட்டில் கார்டைப் பாருங்கள்.

சீரிஸ் என்றால் எத்தனை எபிசோட் பார்த்தீர்கள் என்பது கட்டாயம். எட்டில் மூன்று பார்த்துவிட்டு நிறுத்தியதும் நியாயமான கருத்துதான், மூன்று என்று சொன்னால். ‘சூப்பர்’ என்று மட்டும் போடுவதைவிட, ‘முதல் இரண்டு எபிசோட் ஆட்களை அறிமுகப்படுத்துவதிலேயே போகிறது, மூன்றாவதில் விசாரணை தொடங்குகிறது, குழந்தைகள் மேல் வன்முறை உண்டு, முடிவு அடுத்த சீசனுக்கு விடப்பட்டிருக்கிறது’ என்று எழுதினால் படிப்பவர் பார்ப்பதா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

ஸ்பாய்லர் பற்றி நீட்ட வேண்டாம். முதல் கால்மணி அரைமணி நேரத்தில் தெரிவது வரை சொல்லலாம். ‘கிளைமாக்ஸ்ல ஒரு ட்விஸ்ட் இருக்கு’ என்பதும் ஸ்பாய்லர்தான். படித்தவர் கடைசி வரை ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

மதிப்பெண்ணை எடுத்துப் போடுவதாக இருந்தால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து போடுங்கள். ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தளத்தின் சதவீதம் எத்தனை விமர்சகர்களுக்குப் பிடித்தது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்வதில்லை. நூறு பேரும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்றாலும் 100 காட்டும். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து, பாதிப் பேர் தூக்கி எறிந்த படம் 50இல் நிற்கும். ஐஎம்டிபி எண் பார்வையாளர்களின் வாக்கு, அதுவும் நேரடிச் சராசரி இல்லை, எடை போட்டுக் கணக்கிடுவது. மெட்டாகிரிட்டிக் விமர்சகர்களின் மதிப்பெண்களுக்கு எடை வைத்துச் சராசரி எடுக்கிறது. ராட்டன் டொமேட்டோஸில் 90, மெட்டாகிரிட்டிக்கில் 65 என்று ஒரே படத்துக்கு வந்தால் எதுவும் பொய் இல்லை. பலருக்குப் பிடித்தது, ஆனால் பெரும்பாலோருக்கு ரொம்பப் பிடிக்கவில்லை என்று படித்துக்கொள்ளலாம்.