வேலையாட்களிடம் புதிய யோசனை வரவழைப்பது எப்படி? ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து ஒரு பதில்

“என் தொழிலில் பத்துப் பேர் இருக்கிறார்கள். சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறார்கள், ஆனால் சொந்தமாக ஒரு யோசனையும் சொல்வதில்லை. படைப்பாற்றலை எப்படி வளர்ப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்களிடம் யோசனை இல்லை என்பதை நான் நம்பவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும், கெட்டுப்போனால் யார் தலையில் விடியும் என்ற கணக்கை உங்கள் ஆட்கள் எப்போதோ போட்டு முடித்திருப்பார்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் லாபம் என்று அதில் விடை வந்திருக்கும்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்டுக் கல், போடும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். கல் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவோம். அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுவோம். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர் பொடியைத் தூவினால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவோம். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுவரும். வழவழப்பு முழுவதும் கண்ணாடி தந்ததுதான்.

இதில் குழைத்த வண்ணத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது, இறுகிவிடும். சாயங்காலம் மிஞ்சும் சிவப்பும் பச்சையும் குப்பைக்குத்தான் போகும். எங்கள் மூத்த கைக்காரர் ஒருநாள், “முதலாளி, வீணாகப் போவதை நாங்கள் ஊற்றிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். சரி என்றேன். அன்றிலிருந்து மிச்ச வண்ணம் அவர்களுடையது. அச்சு வைத்தும் ஊற்றலாம், அச்சு இல்லாமல் கைபோன போக்கிலும் இழுக்கலாம். நல்லதோ கெட்டதோ, வந்த கல்லை எல்லாம் வாசல் திண்ணைச் சுவரில் சாய்த்து வைப்போம். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் விரல் நீட்டி, “இது என்ன விலை?” என்று கேட்டால், அந்தக் கல் விற்றுக்கொண்டிருக்கும் காலமெல்லாம் அதை ஊற்றியவருக்குக் கல்லுக்கு இவ்வளவு என்று கூடுதல் கூலி.

இப்போது பெங்களூர்க் கட்டடக்கலைஞர்கள் விரும்பிக் கேட்கும் ஒரு சாம்பல் நிறக் கல் இப்படி வந்ததுதான். பச்சை தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், கறுப்பையும் வெள்ளையையும் அரைகுறையாகக் கலக்கி ஊற்றியது. என்னிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால் அழுக்குத் துணி மாதிரி இருக்கிறது என்று தள்ளியிருப்பேன். அதனால்தான் கேட்க வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். எது அழகு என்று வாங்குகிறவர் சொல்லட்டும், நான் தணிக்கை அதிகாரி இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் திறந்துவிடவில்லை. சிமெண்டு, மணல் அளவிலும், தண்ணீரில் ஊறும் நாளிலும் யாரும் கைவைக்கக் கூடாது. அங்கே ஒருவர் புதுமை செய்தால் ஒரு வருடம் கழித்து வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் கல் பொரிந்து நிற்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கோடு போட்டுக் கொடுத்தால்தான் தொடக்கூடிய இடத்தில் ஆட்கள் பயமில்லாமல் விளையாடுவார்கள். “எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்” என்று சொல்லும் முதலாளியை எந்தத் தொழிலாளியும் நம்பமாட்டான். நம்பவும் கூடாது.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) “கொண்டுவிக்க”, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், அங்கே வட்டிக்கடையை நடத்தப் போகும் ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று வருடக் கெடு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடிதம் கப்பலில் போய்ப் பதில் வருவதற்குள் கடன் கேட்டவன் வேறு கடைக்குப் போய்விடுவான். ஆகவே யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை ஏஜெண்டே முடிவு செய்தாக வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு, லாபத்தில் பங்கும் உண்டு. ஆனால் பேரேடும் ஐந்தொகையும் (வரவு செலவு, இருப்புக் கணக்கு) தப்பாமல் ஊருக்கு வந்து சேர வேண்டும். பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடியாக) சேர்ந்தவன் அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு உதவியாளாகி), பிறகு ஏஜெண்டாகி, கடைசியில் தனிக்கடை போட்ட கதை இங்கே பல வீடுகளில் உண்டு. கையில் அதிகாரம், லாபத்தில் பங்கு, கண் முன்னே கணக்கு: இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்று பல முதலாளிகள் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு, ஆட்களிடம் துடிப்பு இல்லை என்று குறைப்படுகிறார்கள்.

அந்த முறைக்கும் ஓர் ஓட்டை இருந்தது. எல்லா ஏஜெண்டுகளும் கெட்டிக்காரர்கள், ஆனால் எல்லாரும் ஒரே தொழிலில் கெட்டிக்காரர்கள். 1930 வாக்கில் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடகு நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-ல் 25 சதவீதமாயிற்று. விற்க முடியாத சொத்து அது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது அதையும் விட்டுவிட்டு வந்தார்கள். அந்த நிலச் சுமை ஏறிக்கொண்டிருந்த வருடங்களிலேயே எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் வேறு திசையில் பார்த்தார். 1937 பிப்ரவரி 10-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். அந்நியச் செலாவணிதான் அதன் நோக்கம். கடன் கொடுக்கும் அதே அறிவு, ஆனால் ஒருவர் வயலை நம்பி இல்லை. உங்கள் ஆட்களிடமிருந்து வருபவை பெரும்பாலும் இருக்கும் பொருளைக் கொஞ்சம் மேம்படுத்தும் யோசனைகளாகவே இருக்கும். தொழிலே வேறாக மாற வேண்டுமா என்று பார்ப்பது உங்கள் வேலை. அதை யோசனைப் பெட்டி வைத்து வாங்க முடியாது.

யோசனைப் பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது: ஓட்டல் ஹாலில் ஒருநாள் பயிற்சி, நெஞ்சு நிமிர்த்தும் பேச்சு, மதியம் செட்டிநாட்டு விருந்து. விருந்து நன்றாக இருக்கும்.

“நாம் கண்டுபிடித்ததைப் பக்கத்துக் கடைக்காரர் காப்பியடித்தால்?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடிப்பார். எங்கள் ஊரில் ஒரு பூ வாசலுக்கு வந்த வாரமே அடுத்த பட்டறையில் இருக்கும். அதைவிடப் பெரிய தலைவலி, இதே பூக்களை இயந்திரத்தில் அச்சடித்து வரும் பீங்கான் டைல்ஸ். விலையில் அவர்களோடு மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் ஒருவர் தன் பாட்டி வீட்டு வளவில் உடைந்துபோன பழைய கல்லை எடுத்து வந்து, “இதே மாதிரி நாற்பது கல் வேண்டும், நீலத்தை மட்டும் கொஞ்சம் மங்கலாக்குங்கள்” என்றால், தொழிற்சாலை அதைச் செய்யாது. நாங்கள் செய்வோம். எங்கள் தொழில் இப்போது அந்தச் சிறு ஆர்டர்களை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. பூவைக் காப்பியடிக்கலாம். பழைய நிறத்தைக் கண்ணால் பார்த்தே குழைக்கும் கையைக் காப்பியடிக்க வருடங்கள் ஆகும்.

எங்கே தொடங்குவது என்றால், உங்கள் தொழிலில் அன்றாடம் வீணாகும் பொருள் எது என்று பாருங்கள். துணிக்கடையில் வெட்டுத்துண்டு, பலகாரக் கடையில் கடைசி ஈடு மாவு, அச்சகத்தில் ஓரக் காகிதம். அதை ஆட்களிடம் விட்டுவிடுங்கள். விற்றால் பங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லி, கூலி நோட்டிலேயே எழுதிவையுங்கள். முதல் சில மாதம் உருப்படியாக ஒன்றும் வராது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியது நீங்கள்தான்.