நின்ற நாளுக்குப் பேட்டா உண்டா? லாரி ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

கொரோனா இரண்டாவது அலை ஊரடங்கில் சரக்கு வண்டிகளுக்குத் தடை இல்லை, லோடுதான் இல்லை. அதனால் 2021 ஜூலை மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியே இருந்தன. இங்கே சொல்லும் சட்டமும் விதியும் கெடுவும் அந்த மாத நிலவரம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். பெயர் போடவில்லை, கேட்டவர்களில் பலர் இன்னும் அதே முதலாளியிடம்தான் ஓட்டுகிறார்கள்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் புனே போனேன். குடோன் பூட்டிக் கிடந்தது. ஆறு நாள் கழித்துத்தான் இறக்கினார்கள். ரிட்டர்ன் லோடுக்கு இன்னும் ஐந்து நாள். "ஓடின நாளுக்குத்தான் பேட்டா" என்கிறார் முதலாளி. இது சரிங்களா?
— ஓட்டுநர், சங்ககிரி

சரியில்லை. ஆனால் அவரால் அப்படிச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கம் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள் குறைவு. நடைக்கு (ஒரு டிரிப்புக்கு) இவ்வளவு, அல்லது வாடகையில் ஒரு பங்கு, அதோடு வழிச்செலவுக்குப் பேட்டா, இதுதான் வழக்கம். சாதாரண நாளில் ஒன்றிரண்டு நாள் நின்றால் அடுத்த நடையில் சரிக்கட்டிவிடலாம். கொரோனா வந்த பிறகு ஒரு வாரத்தில் முடிய வேண்டிய நடை இருபது நாளுக்கு இழுக்கிறது, தொகை மட்டும் அதேதான். நோயால் வந்த தாமதத்தை ஓட்டுநர் தலையில் கட்டுவது என்பது இதுதான்.

தமிழ்நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது நாளுக்கும் மாதத்துக்கும் உரிய கூலி, கிலோமீட்டருக்கு உரியதல்ல. நீங்கள் வேலைக்குத் தயாராக இருந்தும் வேலை கொடுக்க முடியாமல் போனால் அந்த நாள் கூலியை வெட்டக் கூடாது என்பது குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. பதினொரு நாளும் வண்டியையும் சரக்கையும் காவல் காத்தது யார்? அதுவும் வேலைதான்.

நடைமுறைக்கு வருவோம். குடோன் வாசலில் கேட் என்ட்ரி போடும்போது அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து அன்றைக்கே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். லாரி ரசீதின் பின்பக்கத்தில் வந்த தேதி, நேரம், இறக்கிய தேதி, நேரம் எழுதிப் பார்ட்டியின் (சரக்குக்காரரின்) கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். இந்தத் துண்டுச் சீட்டை வைத்துத்தான் முதலாளி பார்ட்டியிடம் ஹால்டிங் காசு, அதாவது வண்டி காத்து நின்ற நாளுக்கான காசு கேட்க முடியும். பல இடங்களில் அவர் வாங்கியும் விடுகிறார், ஓட்டுநர் காதுக்குத்தான் செய்தி வருவதில்லை. பேசிப் பார்த்தும் தரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். குறைந்தபட்சக் கூலிக்கான மனுவுக்கு ஆறு மாதக் கெடு உண்டு, மறந்துவிடாதீர்கள்.

ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன். போன வருஷம் தவணையைத் தள்ளி வைத்தார்கள். இந்த முறை ஃபைனான்ஸில் கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்கிறார்கள்.
— ஓனர் கம் டிரைவர், நாமக்கல்

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த அந்தச் சலுகை இப்போது இல்லைதான். அதற்குப் பதிலாகக் கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கி 2021 மே 5-ஆம் தேதி வழி செய்திருக்கிறது. சிறு தொழில் செய்பவர்களும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் அதில் அடக்கம். 2021 மார்ச் 31 அன்று உங்கள் கணக்கு வாராக்கடனாகியிருக்கக் கூடாது. 2021 செப்டம்பர் 30-க்குள் எழுத்தில் கேளுங்கள், கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வட்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் லோடு திரும்பக் கிடைக்கத் தொடங்கியவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டீசல் பற்றியும் புலம்பியிருக்கிறீர்கள். நியாயமான புலம்பல். 2020 மே மாதம் மத்திய அரசு ஒரே நாளில் லிட்டருக்கு 13 ரூபாய் வரி ஏற்றியது. வாடகையோ லோடு இல்லாத சந்தையில் புக்கிங் ஆபீஸ் சொல்வதுதான்.

கிளீனரை நிறுத்திவிட்டார்கள். தனியாக ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓட்டுகிறேன். கேட்டால் "கொரோனா, ஆள் கிடைக்கவில்லை" என்கிறார்கள்.
— ஓட்டுநர், திருச்செங்கோடு

ஆள் கிடைக்காதது பாதிதான் உண்மை. நேஷனல் பெர்மிட் (வெளிமாநிலங்களிலும் ஓட அனுமதி பெற்ற) வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். கொரோனாவுக்கு முன்பே தொடங்கிய ஆள் குறைப்பு இது. அதே சமயம் 2020 ஏப்ரல் ஊரடங்கு உத்தரவில்கூட இரண்டு ஓட்டுநர், ஒரு உதவியாளர் போகலாம் என்றுதான் இருந்தது.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூரத்துக்கு அனுமதி பெற்றால்கூடப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது என்பது அதிலுள்ள ஓட்டை. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் அதில்தான் தப்பிக்கிறார்கள். உங்கள் முதலாளிக்கு எட்டு வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் தப்ப முடியாது. இதைத் தனியாளாகப் போய்ப் பேசாமல் சங்கம் வழியாகப் பேசுங்கள்.

என் கணவர் மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார். பல வருஷமாக ஒரே டிரான்ஸ்போர்ட்டில் ஓட்டினார். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?
— வாசகி, கரூர்

கிடைக்க வாய்ப்பு இருக்கிறதம்மா. முதலில் அவருடைய சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இஎஸ்ஐ இருந்தால், 2021 ஜூன் 3-ஆம் தேதி அறிவித்த கோவிட் நிவாரணத் திட்டத்தில் அவருடைய சராசரிக் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். நோய் உறுதியாவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும், முந்தைய ஒரு வருஷத்தில் 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பரிசோதனை முடிவையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள். பிஎஃப் இருந்தால் அதோடு சேர்ந்த காப்பீடு தனி, அதிகபட்சம் 7 லட்சம் வரை.

இரண்டுமே இல்லை என்றால், அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருந்தாரா என்று வீட்டில் அட்டையைத் தேடுங்கள். நிறுவனம் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

லைசென்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) இரண்டும் முடிந்துவிட்டன. ஓட்டலாமா?

2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு முடிந்தவை என்றால் 2021 செப்டம்பர் 30 வரை செல்லும். இன்சூரன்ஸ் இந்தக் கணக்கில் வராது. அது முடிந்திருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மே மாதம் மகாராஷ்டிரா எல்லையில் ஆர்டிபிசிஆர் (கொரோனா பரிசோதனை) கேட்டார்கள். அந்தக் காசை என் கணக்கில் எழுதிவிட்டார் முதலாளி.

அது டோல் மாதிரி வழிச்செலவு, வண்டிக் கணக்கில்தான் வர வேண்டும். ரசீது இருந்தால் அடுத்த செட்டில்மென்ட்டில் திருப்பிக் கேளுங்கள்.

முதல் ஊசி ஊரில் போட்டேன். இரண்டாவதை நாக்பூரில் போடலாமா?

தாராளமாக. அதே ஆதார், அதே செல் நம்பர், அதே மருந்து. கோவிஷீல்டு என்றால் 12 முதல் 16 வாரம், கோவாக்சின் என்றால் 4 முதல் 6 வாரம். காய்ச்சல் அடித்தால் ஒரு நாள் ஸ்டியரிங் பிடிக்க முடியாது, அதனால் லோடு இறக்கிய அன்றைக்குப் போடுங்கள். அப்புறம், கேபினுக்குள் அடுப்பு வைத்துச் சமைப்பவர்கள் சானிடைசர் பாட்டிலை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் பெரும்பகுதி ஆல்கஹால், கையில் தேய்த்த ஈரத்தோடு தீக்குச்சி கிழித்தாலே பற்றிக்கொள்ளும். சமைக்கும் நேரத்தில் சோப்பும் தண்ணீரும் போதும்.