மதுரையில் முகூர்த்தம், டல்லாஸில் கிரீன் கார்டு: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: நான் மதுரைக்காரன். டல்லாஸில் எஃப்-1 மாணவர் விசாவில், ஸ்டெம் ஓபிடியில் (அறிவியல், தொழில்நுட்பம் படித்து முடித்த மாணவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) வேலை பார்க்கிறேன். நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் காதலித்து, சென்ற ஆண்டு இங்கேயே நீதிபதி முன்னிலையில் திருமணம் செய்துகொண்டேன். அவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். ஆஸ்டினில் முதுகலை படிக்கிறார், பகுதிநேர வேலைதான். வார இறுதிகளில் மட்டும் சேர்ந்திருக்கிறோம். வரும் தை மாதம் மதுரையில் முறைப்படி கல்யாணம் நடத்த வேண்டும் என்று இரு வீட்டாரும் சொல்கிறார்கள். கிரீன் கார்டுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா, ஊருக்குப் போய்வந்த பிறகா? மனைவியின் வருமானம் குறைவாக இருப்பது தடையா? நேர்காணலில் எங்களைத் தனித்தனியாக விசாரிப்பார்களா?

பதில்: பலரும் நேர்காணலை நினைத்துத்தான் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் உண்மையான ஆபத்து தை மாதக் கல்யாணம்தான். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

எஃப்-1 என்பது படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவேன் என்ற நிபந்தனையில் கிடைக்கும் விசா. நிரந்தரக் குடியிருப்புக்கான ஐ-485 விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி கையில் வருவதற்கு முன் நீங்கள் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கட்டிய பணமும் திரும்பாது. அதன் பிறகு சென்னைத் தூதரகத்தில் மாணவர் விசா கேட்டு நின்றால், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று விசாப் படிவமே கேட்கும். ஆமாம் என்று சொல்பவருக்கு மாணவர் விசா கிடைப்பது கடினம். இல்லை என்று சொன்னால் அது பொய்.

அலுவலக நண்பர்கள் சிலர், "நாங்கள் ஐ-485 போட்டுவிட்டு ஊருக்குப் போய்வந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். அவர்கள் எச்-1பி அல்லது எல்-1 வேலை விசாவில் இருந்திருப்பார்கள். அந்த விசாக்காரர்களுக்கும் அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 காரர்களுக்கும் சட்டத்திலேயே விலக்கு உண்டு. உங்களுக்கு இல்லை. நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்ளும் யோசனைகளில் அதிகம் சேதம் செய்வது இதுதான் என்பேன்.

சரி, முதலில் ஊருக்குப் போய்க் கல்யாணத்தை முடித்துவிட்டு, வந்து விண்ணப்பித்தால்? பாஸ்போர்ட்டில் எஃப்-1 முத்திரை உயிரோடு இருந்தாலும் சிக்கல் போகாது. விமான நிலையத்தில் மாணவராக நுழைந்துவிட்டு, மனதில் கிரீன் கார்டுத் திட்டத்தோடு வந்திருந்தால், தவறான தகவல் சொல்லி நுழைந்தார் என்ற கேள்வி எழும். அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமானால் வருவது வாழ்நாள் தடை. விலக்கு கேட்கலாம், ஆனால் அது தனிப் போராட்டம்.

எனவே என் யோசனை இது: இப்போதே விண்ணப்பியுங்கள், கூடவே பயண அனுமதிக்கு ஐ-131, வேலை அனுமதிக்கு ஐ-765 இரண்டையும் போடுங்கள். பயண அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம். அது கையில் வரும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். அவசர அனுமதி என்று ஒன்று உண்டுதான். நெருங்கியவரின் மரணம், கடும் நோய் போன்றவற்றுக்கு அது. முகூர்த்தத் தேதி அந்தக் கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அட்வான்ஸ் பரோலில் திரும்பி நுழைந்தால் நீங்கள் எஃப்-1 மாணவராக நுழையவில்லை. ஓபிடியை நம்பி வேலை பார்ப்பதில் சிக்கல் வரும். அதனால் ஐ-765 மூலம் வரும் வேலை அட்டையும் கையில் இருந்தால்தான் புறப்பட வேண்டும். அதுவரை ஓபிடி நிபந்தனைகளைப் பிசகாமல் காப்பாற்றுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் நிற்க ஓர் இடம் வேண்டும்.

வீட்டாருக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களின் கணவன், மனைவிக்கு வரிசை கிடையாது. வேலைவழி கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்களே, அந்த ஆண்டு ஒதுக்கீடு உங்களைத் தொடாது. மனைவி போடும் ஐ-130 மனுவையும் உங்கள் ஐ-485ஐயும் ஒரே கட்டாக அனுப்பலாம். மனைவி வெறும் கிரீன் கார்டு வைத்திருப்பவராக இருந்தால் கதை வேறு. அவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது.

பணக் கணக்கு: 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி, தாளில் அனுப்பினால் ஐ-130க்கு 675 டாலர், ஐ-485க்கு 1,440, ஐ-765க்கு 260, ஐ-131க்கு 630. ஆகமொத்தம் 3,005 டாலர். முன்பு வேலை அனுமதியும் பயண அனுமதியும் ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே அடங்கும், இப்போது தனித்தனி. காசோலை அனுப்பும் பழக்கமும் 2025 அக்டோபர் இறுதியோடு முடிந்தது. கடன் அட்டை அல்லது வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பற்றுதான். அனுப்பும் நாளில் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தொகையை ஒருமுறை சரிபாருங்கள், தொகை தவறினால் கட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருத்துவப் பரிசோதனைக்கான ஐ-693 தனிச் செலவு. 2024 டிசம்பர் 2 முதல் அதை ஐ-485 உடனேயே வைக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மருத்துவர் ஒட்டித் தரும் உறையை நீங்கள் பிரிக்கக் கூடாது.

மனைவியின் வருமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில், வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது ஏறக்குறைய 26,437 டாலராக இருந்தது. அவருடைய பகுதிநேர ஊதியம் அதை எட்டாவிட்டாலும் உங்கள் சம்பளத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், வேலை சட்டப்படியானதாகவும் கிரீன் கார்டு வந்த பிறகும் தொடரக்கூடியதாகவும் இருந்தால். நிறுவனத்திடம் ஒரு கடிதமும் சமீபத்திய சம்பளச் சீட்டுகளும் வாங்கி வையுங்கள். அதுவும் போதாது என்றால் மாமனார் இணை ஆதரவாளராக வரலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இந்தப் பொறுப்பு விவாகரத்தானாலும் தீராது. நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும்வரை, அல்லது இந்த நாட்டை நிரந்தரமாக விட்டுப் போகும்வரை தொடரும்.

இனி ஆவணங்கள். தமிழ்நாட்டுக்காரர்களின் கோப்பு பெரும்பாலும் தடுக்குவது பெயரிலும் பிறந்த தேதியிலும்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர், விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை) என்ற எழுத்துகள், வங்கியில் வேறொரு வரிசை. இதெல்லாம் குற்றமில்லை, ஆனால் படிவத்தில் "பயன்படுத்திய பிற பெயர்கள்" என்ற கட்டத்தில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிறந்ததும் பதிவு செய்துவிட்டுப் பெயரைச் சேர்க்காமல் விட்ட குடும்பங்கள் நம்மூரில் ஏராளம். உள்ளூர் அலுவலகத்தில் பெயர் சேர்க்க முடிந்தால் சேருங்கள். சான்றிதழே இல்லையென்றால், கிடைக்கவில்லை என்று அந்த அலுவலகம் தரும் சான்றும், உங்கள் பிறப்பை நேரடியாக அறிந்த இரண்டு பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரமும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் வேண்டும். தமிழில் உள்ள எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், பெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்டால் போதும், நோட்டரி தேவையில்லை.

திருமணத் தேதி எங்கே கேட்டாலும் டெக்சாஸ் தேதிதான். மதுரையில் தாலி கட்டுவது சடங்கு. அதை அங்கே மறுபடி பதிவு செய்து இரண்டாவது திருமணச் சான்றிதழ் வாங்காதீர்கள். எந்த அதிகாரிக்கும் அது ஒரு கேள்வியைத்தான் கூட்டும்.

தனித்தனி ஊரில் இருப்பது? பயப்பட வேண்டாம், ஆனால் விளக்க வேண்டும். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1983இல் லாரியானோ வழக்கில் சொன்னதுதான் இன்றும் அளவுகோல்: திருமணம் செய்த நேரத்தில் இருவரும் சேர்ந்து வாழும் எண்ணத்தோடு செய்தார்களா என்பதுதான் கேள்வி. அந்த எண்ணத்தைத் திருமணத்துக்கு முன்பும் பின்பும் நடந்தவற்றைக் கொண்டே கணிப்பார்கள். ஆஸ்டின் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், படிப்பு முடியும் தேதி, இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு, கூட்டு வங்கிக் கணக்கு, உங்கள் நிறுவனக் காப்பீட்டில் அவர் பெயர், ஓய்வூதியக் கணக்கில் வாரிசாக அவர் பெயர், வாராவாரம் ஐ-35 சாலையில் போய்வந்ததற்கான பெட்ரோல், பேருந்து ரசீதுகள். கூட்டுக் கணக்கு என்றால் சம்பளம் வரவும் வாடகை போகவும் அதில் தெரிய வேண்டும். 500 டாலர் போட்டு அப்படியே கிடக்கும் கணக்கு யாரையும் நம்பவைக்காது. படங்கள் இருபதோ முப்பதோ போதும், ஆனால் பல மாதங்களிலும் பலர் உடனும் எடுத்தவையாக இருக்கட்டும். மாமியாரோடு சமையலறையில் எடுத்த ஒரு படம், கடற்கரையில் இருவர் மட்டும் நிற்கும் பத்துப் படத்தைவிட மேல்.

கைரேகை எடுக்க ஒரு நாள் கூப்பிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. அப்புறம் காத்திருப்பு, பிறகு நேர்காணல். டல்லாஸ் பகுதிக்கு அலுவலகம் இர்விங்கில். இருவரும் போக வேண்டும், அசல் ஆவணங்கள் எல்லாம் கையில் வேண்டும். வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாக உறுதி எடுத்த பிறகு, நேரத்தில் பெரும்பகுதி உங்கள் ஐ-485 படிவத்தைத் திரும்பப் படிப்பதில்தான் போகும்: கைது உண்டா, அனுமதியில்லாமல் வேலை பார்த்தீர்களா, எந்த அமைப்புகளில் இருந்தீர்கள். அதனால் நீங்கள் என்ன எழுதி அனுப்பினீர்கள் என்பதன் நகலை முந்தின இரவு படித்துவிட்டுப் போங்கள். இதைப் படிக்கும் ஈழத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. அமைப்புகள் பற்றிய கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். வற்புறுத்தலில் கொடுத்த வரியும்கூட உதவியாகக் கணக்கிடப்பட்ட வழக்குகள் உண்டு. வழக்கறிஞர் இல்லாமல் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டாம்.

உறவு பற்றிய கேள்விகள் எளிமையானவை. எங்கே சந்தித்தீர்கள், யார் முதலில் கேட்டது, திருமணத்துக்கு யார் வந்தார்கள், பெற்றோர் ஏன் வரவில்லை, போன வார இறுதியில் என்ன செய்தீர்கள், வாடகை யார் கட்டுவது. மதுரைக் கல்யாணத் திட்டத்தையும் தயங்காமல் சொல்லலாம். மனப்பாடம் செய்த பதில்கள் கேட்ட உடனே தெரிந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் நூறு கேள்விப் பட்டியலை இருவரும் ஒப்பித்துப் பார்ப்பதைவிட, நம் வீடுகளுக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். மாமியாரை 'அத்தை' என்று மட்டுமே அறிந்த மருமகளும், மாமனாரின் முழுப் பெயரைச் சொல்லத் திணறும் மருமகனும் சாதாரணம், பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது மாற்றிக் கொடுத்த பிறந்த தேதி யாருக்காவது இருந்தால், வீட்டில் கேக் வெட்டும் தேதியும் பாஸ்போர்ட் தேதியும் வேறு வேறு என்பதை மனைவி அறிந்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் இரண்டையும் சொல்லி விளக்குங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லலாம்.

தனித்தனியாக விசாரிப்பது எல்லாருக்கும் நடப்பதில்லை, சந்தேகம் வந்தால் நடக்கும். ஸ்டோக்ஸ் நேர்காணல் என்பார்கள். 1975இல் நியூயார்க்கில் நடந்த வழக்கின் பெயர் அது. ஒரே கேள்விகளை இருவரிடமும் கேட்டு ஒப்பிடுவார்கள். வேறு ஊரில் வசிப்பதால் உங்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். முரண்பாடு தெரிந்தால் விளக்கம் கேட்பார்கள், பதறாமல் சொல்லுங்கள். வழக்கறிஞரை உடன் அழைத்துப் போக உரிமை உண்டு. விசாக் காலம் முடிந்து தங்கியிருப்பவர்கள் அழைத்தே போக வேண்டும். முறையாக நுழைந்து, குடிமக்களை மணந்தவர்களின் காலங்கடந்த தங்கலைச் சட்டம் மன்னிக்கிறது என்றாலும், 2025 நவம்பரில் சான் டியாகோவில் அப்படிப்பட்டவர்களை நேர்காணலுக்கு வந்த இடத்திலேயே கைது செய்தார்கள். உங்கள் ஓபிடியைக் காப்பாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்புதல் கிடைக்கும் நாளில் டெக்சாஸ் திருமணத்துக்கு இரண்டு ஆண்டு நிறைந்திருக்காவிட்டால், இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டைதான் வரும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்டு இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும். கூட்டுக் கணக்கு, வரி, காப்பீடு என்று அதே ஆதாரங்களை மறுபடி கேட்பார்கள் என்பதால், இப்போது திறக்கும் கோப்பை மூடிவிடாதீர்கள். இடையில் மனைவி படிப்பை முடித்து டல்லாஸுக்கு வந்து, புது வீட்டுக்கு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் முகவரியைத் தெரிவியுங்கள். நேர்காணல் அழைப்பு தபாலில் வருவது. பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் ஆஜராகாவிட்டால் அதையும் கைவிட்டதாகத்தான் கருதுவார்கள்.