வங்கி தவறுதலாக என் கணக்கில் பெரிய தொகையைப் போட்டுவிட்டது, என்ன செய்வது?

உங்கள் கேள்வி இதுதான்: உங்களுக்குச் சேராத ஒரு பெரிய தொகை கணக்கில் வரவாகி இரண்டு மாதம் ஆகிறது, வங்கியிலிருந்து யாரும் கேட்கவில்லை, நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டுமா, அவர்களே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடலாமா?

சொல்ல வேண்டும். அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். வாயால் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். அதனால் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக என் வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்தேன். வியாழக்கிழமை பணம் சேமிப்புக் கணக்குக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அதே தொகை இன்னொரு முறை வந்தது. பாஸ்புக்கில் இரண்டு வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. சில்லறை வரைக்கும் ஒரே எண். பரிவர்த்தனை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் வேறு.

அன்றைக்கே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். "சார், எங்க சிஸ்டத்துல எல்லாம் சரியாத்தான் காட்டுது. உங்க அக்கவுண்ட்ல இருக்கறது உங்க பணம்தான்" என்றார் அந்தப் பெண். திங்கட்கிழமை கிளைக்கு நேரில் போனேன். அதிகாரி ஒரு துண்டுச் சீட்டில் என் கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, "செக் பண்ணிட்டுக் கூப்பிடறோம் சார்" என்றார். கூப்பிடவில்லை. நானும் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று மனதில் இருந்தது.

நான்காவது மாதம், ஒரு ராத்திரி, அந்தத் தொகையை வங்கி எடுத்துக்கொண்டது. முன்னறிவிப்பு கிடையாது, 'ரிவர்சல்' என்று ஒற்றை வார்த்தைப் பதிவு மட்டும். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. மறுநாள் காலையில் பிடித்தம் ஆக வேண்டிய வீட்டுக்கடன் தவணை திரும்பிவிட்டது. தவணை திரும்பியதற்கு ஒரு கட்டணம், தாமதத்துக்கு அபராத வட்டி, கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே நின்ற நாட்களுக்கு இன்னொரு வட்டி. இதையெல்லாம்விட என்னை அதிகம் வருத்தியது, நான் புகார் செய்தபோது வந்த பதிலில் இருந்த ஒரு வரி: "தங்களுக்குச் சேராத தொகையைத் தாங்கள் பயன்படுத்தியிருப்பது தெரியவருகிறது."

தெரிந்து ஒரு காசு எடுக்கவில்லை. ஆனால் நடந்தது இதுதான். கணக்கில் மீதி எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் மாதச் செலவைக் கட்டுப்படுத்துவேன். அந்நியப் பணம் உள்ளே கலந்து கிடந்ததால் அந்த அளவுகோல் கெட்டுவிட்டது. மருந்துக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகப் போனபோது மீதி தாராளமாகவே காட்டியது. என் சொந்தப் பணம் எப்போதோ தீர்ந்திருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. இந்த ஆபத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"நான் இரண்டு தடவை சொன்னேனே" என்றதற்கு, எந்தத் தேதியில், யாரிடம், புகார் எண் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. கடைசியில் தொலைபேசி நிறுவனத்தின் விவரப் பட்டியலை எடுத்து, அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர்களுடைய சேவை எண்ணுக்குப் போன பதினொரு நிமிட அழைப்பைக் காட்டி, உங்கள் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்று எழுதினேன். கேட்டார்கள். ஏழு வாரம் கழித்துக் கட்டணங்களைத் திருப்பிப் போட்டார்கள். கடன் வரலாற்று அறிக்கையில் ஏறிவிட்ட தவணைத் தவறலை நீக்க இன்னும் இரண்டு கடிதங்கள் தேவைப்பட்டன.

இனி உங்கள் விஷயம். முதலில் அது உண்மையிலேயே உங்களுடையது இல்லையா என்று பாருங்கள். மறந்துபோன ஒரு வைப்பு முதிர்ந்திருக்கலாம், வரி திரும்பி வந்திருக்கலாம், அலுவலகம் நிலுவைச் சம்பளம் போட்டிருக்கலாம். கார்டு பரிவர்த்தனை ஒன்றை மறுத்துப் புகார் செய்திருந்தால், விசாரணை முடியும்வரை வங்கி தற்காலிகமாக வரவு வைப்பதும் உண்டு. அது உங்கள் பணம் போலவே தெரியும், ஆனால் விசாரணை உங்களுக்கு எதிராக முடிந்தால் திரும்பிப் போய்விடும். வரவுப் பதிவில் அனுப்பியவர் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

உங்களுடையது இல்லை என்றால், "வங்கியின் கவனக்குறைவுக்கு நான் ஏன் பொறுப்பு?" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சட்டம் இந்த வாதத்தை எப்போதோ கேட்டுத் தள்ளிவிட்டது. 1841-இல் இங்கிலாந்தில் கெல்லி எதிர் சொலாரி என்று ஒரு வழக்கு. கணவர் கடைசித் தவணையைக் கட்டாததால் அவருடைய ஆயுள் காப்பீடு காலாவதியாகியிருந்தது. அதை மறந்துபோன நிறுவன இயக்குநர்கள் அவர் மனைவிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தவர் எவ்வளவு அஜாக்கிரதையாக இருந்திருந்தாலும், உண்மையிலேயே மறந்து கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்கலாம் என்பதுதான் நீதிமன்றம் சொன்னது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 72-உம் அதே வழிதான்: தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும்.

கேட்காமல் விட்டால் காலம் கடந்து உரிமை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். தவறுதலாகக் கொடுத்த பணத்தில் அந்தக் காலக்கெடு, பொதுவாக, தவறு தெரியவந்த நாளிலிருந்து அல்லது முறையாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் காலவரம்புச் சட்டங்கள் அப்படித்தான் இருக்கின்றன. அதனால் உங்கள் இரண்டு மாத மௌனம் உங்களுக்கு எந்த உரிமையையும் தராது.

குற்றமாகுமா என்று கேட்டால், ஆகக்கூடும். இங்கிலாந்தில் ஒரு பெண் காவலருக்குச் சம்பளத்தில் 74 பவுண்டு 74 பென்ஸ் கூடுதலாகக் கணக்கில் ஏறியது. அது தெரிந்தும் திருட்டு எண்ணத்தோடு சும்மா இருந்துவிட்டால் அது திருட்டாகலாம் என்று அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1996-இல் இதற்கென்றே தனிப் பிரிவைச் சேர்த்தார்கள். தவறான வரவு என்று தெரிந்தும், அதை ரத்து செய்ய நியாயமான நடவடிக்கை எடுக்காமல் நேர்மையின்றி இருந்துவிடுவதே அங்கே குற்றம். அதிகபட்சம் பத்து வருடம் சிறை. செலவு செய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நாட்டுக்கு நாடு சொற்கள் மாறும், ஆனால் "தெரிந்த பிறகு என்ன செய்தாய்?" என்ற கேள்வி பெரும்பாலும் எங்கும் வரும்.

மறைக்கவும் முடியாது. 2024 மார்ச்சில் எத்தியோப்பியாவின் அரசு வணிக வங்கியில் ஒரு ராத்திரி கணினிக் கோளாறு. கணக்கில் இருப்பதைவிட அதிகமாகப் பலரால் எடுக்க முடிந்தது, அவர்களில் மாணவர்கள் ஏராளம். திருப்பிக் கொடுப்பவர்கள்மீது வழக்கு இல்லை என்று வங்கி அறிவித்தது. கொடுக்காதவர்களின் பெயர்களையும் படங்களையும் பின்னர் வெளியிட்டது. இருபது வயதில் ஒரு பிள்ளையின் படம் அப்படி ஒரு பட்டியலில் வருவதை நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது.

பெற்றவருக்கு அந்தப் பணம் உண்மையிலேயே வர வேண்டிய கடனாக இருந்தால் மட்டும் விஷயம் சிக்கலாகும். 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தவர்களுக்கு வட்டி மட்டும் அனுப்ப வேண்டிய இடத்தில் அசலையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அதில் ஏறக்குறைய 50 கோடியைத் திருப்பித் தர மறுத்தவர்களுக்குச் சாதகமாக 2021-இல் ஒரு தீர்ப்பு வந்தது. 2022-இல் மேல்முறையீட்டில் அதுவும் மாறிப்போனது. நம்மைப் போன்றவர்கள் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய கொம்பு அது இல்லை.

சரி, செய்ய வேண்டியது. இன்றைக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். இவ்வளவு போதும்:

"என் கணக்கில் இந்தத் தேதியில், இந்தப் பரிவர்த்தனை எண்ணில், இந்தத் தொகை வரவாகியுள்ளது. இது எனக்கு வர வேண்டிய தொகை இல்லை என்று நினைக்கிறேன். இந்தத் தொகையை நான் பயன்படுத்தவில்லை. சரிபார்த்து, தவறு என்றால் இதே பரிவர்த்தனையைத் திருத்தி எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இந்தப் புகாருக்கு ஓர் எண் தாருங்கள்."

புகார் எண் வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் கிளைக்குப் போய் இதையே அச்சிட்டுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "அதெல்லாம் வேணாம் சார், நான் பார்த்துக்கறேன்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனாலும் நகலில் முத்திரை வாங்காமல் எழுந்து வராதீர்கள். அடுத்த வருடம் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

அடுத்தது, என் அனுபவத்தில் இதுதான் முக்கியம்: அந்தப் பணத்தை எங்கும் நகர்த்தாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று வேறு கணக்குக்கு மாற்றினால்கூட, பின்னால் பார்ப்பவருக்கு நீங்கள் எடுத்துக்கொண்டது போலத் தெரியும். அதற்குப் பதிலாக உங்கள் சொந்தப் பணத்தை நகர்த்துங்கள். இன்னொரு கணக்கு இருந்தால் அன்றாடச் செலவையும் சம்பளத்தையும் அங்கே கொண்டுபோங்கள். கடன் தவணைக்கும் தானியங்கிப் பிடித்தங்களுக்கும் வேண்டியதை மட்டும் இங்கே விடுங்கள். இந்தக் கணக்கில் காட்டும் மீதியிலிருந்து அந்தத் தொகையைக் கழித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளில் இருப்பதுதான் உங்கள் பணம்.

இன்னொன்று. "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று முன்பின் தெரியாதவர் அழைத்தால், எவ்வளவு அழுதாலும் அனுப்பாதீர்கள். பணம் வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியே போலியாக இருக்கலாம். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் அது வேறொருவரிடம் திருடியதாக இருக்கலாம். நீங்கள் அனுப்பிய பிறகு முதல் வரவை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்கு, போதாததற்குத் திருட்டுப் பணம் உங்கள் வழியாகப் போன தடமும் மிஞ்சும். "உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், அவர்கள் என் வங்கியிடம் கேட்கட்டும், நான் சம்மதிக்கிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையான ஆளாக இருந்தால் அவருக்கும் அதுதான் வழி.

ஒருவேளை கொஞ்சம் செலவாகிவிட்டதா? அதையும் மறைக்காமல் எழுதுங்கள். தவறு என்று தெரியாமல், நல்லெண்ணத்தில், அந்த வரவை நம்பி நிலைமையை மாற்றிக்கொண்டவருக்கு ஓரளவு பாதுகாப்பு தரும் வாதம் பல நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1991-இல் அதை ஏற்றுக்கொண்டது. தெரிந்த பிறகு செலவழித்தவருக்கு அது கிடைக்காது. தவணையாகக் கட்டுகிறேன் என்று நீங்களாகக் கேட்டால் வங்கிகள் ஒத்துக்கொள்வது உண்டு. தொகை பெரியது, வங்கியின் கடிதம் மிரட்டலாக வருகிறது என்றால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கணக்கு அறிக்கையை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். அந்தத் தொகைக்கு வட்டி ஏறியிருக்கும். அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்களா, வருடக் கடைசி வட்டிச் சான்றிதழில் அது உங்கள் வருமானமாக நிற்கிறதா என்று கவனியுங்கள். எனக்கு நின்றது. வராத வட்டிக்கு வரி கட்டாமல் இருக்கத் திருத்திய சான்றிதழ் கேட்டு வாங்கினேன்.

இரண்டு மாதம் தாமதமாகிவிட்டதே, இப்போது சொன்னால் சந்தேகப்படுவார்களே என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. பணம் என்றைக்கு உங்கள் கண்ணில் பட்டதோ அந்தத் தேதியை மாற்றாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் ஒரே வரியில், உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அப்புறம் அனுப்புங்கள். பதில் வந்ததும் இங்கே கருத்தில் சொல்லுங்கள், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து பார்ப்போம்.