விண்ணப்பம் வேறு, வந்து உழைத்த நாள் வேறு: தன்னார்வலர் டேட்டாபேஸ் கேள்வி பதில்

சென்னையில் உள்ள சிறு தொண்டு அமைப்புகளுக்குத் தன்னார்வலர் விவரங்களை டேட்டாபேஸில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் சிவிசிஆர்எம். தொண்டு நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்ட, உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருள் அது. வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

முகப்பேர், மாலை வகுப்பு நடத்தும் டிரஸ்ட்: அண்ணா, எக்செல்லில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். விண்ணப்பித்தார், சேர்ந்தார், விலகினார் என்று மாற்றிக்கொண்டே வருவோம். சிவிசிஆர்எம்முக்கு மாறும்போது அதையே கஸ்டம் ஃபீல்டாக (நாமே சேர்த்துக்கொள்ளும் கட்டமாக) போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு பெண் 2021இல் கணக்கு சொல்லித்தர விண்ணப்பிக்கிறார், சேர்கிறார், வேலை மாறி பெங்களூரு போகிறார். 2024இல் திரும்பி வந்து நூலகப் பணிக்கு விண்ணப்பம் போடுகிறார். உங்கள் கட்டத்தில் இப்போது 'விண்ணப்பித்தார்' என்று மட்டும்தான் இருக்கும். அவர் உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த காலம் முழுக்க அழிந்துவிட்டது. புதிதாக வந்த ஒருங்கிணைப்பாளர் அவரிடமே, "பிள்ளைகளோடு பழகிய அனுபவம் உண்டா?" என்று கேட்பார். கேட்கிறவருக்குத் தெரியாது, கேட்கப்படுகிறவருக்கு மனசு விட்டுப்போகும்.

ஆள் ஒருவர்தான். அவர் போட்ட விண்ணப்பங்கள் பல இருக்கலாம், வந்து உழைத்த நாட்கள் அதைவிடப் பல. மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். விண்ணப்பம் ஓர் ஆக்டிவிட்டி, அதாவது ஆளின் பெயரோடு சேரும் தேதியிட்ட ஒரு பதிவு: எந்தத் தேதி, எந்தப் பணிக்கு, இப்போது யார் பொறுப்பில். சேர்த்துக்கொண்டதும் அவருக்கும் உங்கள் அமைப்புக்கும் இடையே 'தன்னார்வலர்' என்ற ரிலேஷன்ஷிப் போடுங்கள். அந்த உறவு வகை மென்பொருளிலேயே தயாராக இருக்கிறது. விலகினால் அழிக்காமல் முடிவுத் தேதி கொடுங்கள். அப்புறம், வந்த ஒவ்வொரு நாளும் வேறொரு வகை ஆக்டிவிட்டி. அதில் கால அளவை நிமிடங்களில் பதிய இடம் உண்டு.

அதே டிரஸ்ட்: அப்படியென்றால் 'கேஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

விண்ணப்பம் பல கை மாறுகிற இடத்துக்கு. உங்களுடையது பிள்ளைகளோடு பழகும் பணி என்பதால் கேஸ்தான் சரி. தொலைபேசியில் பேசுவது, தெரிந்தவர் இருவரிடம் விசாரிப்பது, காவல்துறைச் சரிபார்ப்பு, அறிமுக வகுப்பு, மூத்தவர் ஒருவர் கூடவே இருக்கும் முதல் நாள் என்று படிகளை ஒருமுறை எழுதிவைத்தால், விண்ணப்பம் வந்ததும் அத்தனையும் தேதியோடு வரிசையில் நிற்கும். கடற்கரையில் குப்பை பொறுக்க வருகிறவருக்கு இவ்வளவு தேவையில்லை, ஓர் ஆக்டிவிட்டி போதும்.

அம்பத்தூர், ரத்ததானக் குழு: அண்ணா, ஒரே ஆள் மூன்று தடவை பதிவாகிறார். மென்பொருளின் டூப்ளிகேட் தேடல் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற கணக்கு நம் ஊருக்கு ஒத்துவராது. 'கே.சரவணன்', 'சரவணன் கே', 'சரவணன் குமாரசாமி' மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். அதனால் ஃபார்மிலேயே இனிஷியலுக்குத் தனிக் கட்டம் கொடுங்கள்; பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டும் வரட்டும். கைபேசி எண்ணில் ஒருவர் +91 போடுவார், ஒருவர் முன்னால் பூஜ்யம் போடுவார், ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார். உள்ளே ஏற்றும் முன் கடைசி 10 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விதியை நீங்களே எழுதலாம். கைபேசிக்கு 6 புள்ளி, பெயருக்கு 4 புள்ளி, வரம்பு 10. இரண்டும் பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று காட்டும். கைபேசியை மட்டும் நம்பினால் ஒரே எண்ணைக் கொடுத்த அம்மாவும் மகளும் ஒருவராகிவிடுவார்கள். உங்கள் குழுவில் அது ரத்த வகையையே மாற்றிவிடும். பதிவுகளை ஒன்றாக்கும் மெர்ஜ் பட்டனை அழுத்தும் முன் ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: தம்பி, நான் கேட்பது மென்பொருள் பற்றி அல்ல. கணக்கு எழுதித் தருகிறேன் என்று மூன்று அமைப்புகளுக்கு ஃபார்ம் நிரப்பி அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. இந்த டேட்டாபேஸ் எல்லாம் என்னதான் செய்கிறது?

ஐயா, மிக முக்கியமான கேள்வி இது. பல இடங்களில் ஃபார்ம் வந்து விழுகிறது, ஆனால் அது யாருடைய வேலை என்று எழுதப்படவில்லை. இதைப் படிக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்குச் சொல்கிறேன்: வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அன்றே ஒருவர் பெயரில் ஒதுக்குங்கள். சிவிசிஆர்எம்மின் தேடல் கருவியான சர்ச்கிட்டில் ஒரு தேடலைச் சேமித்துவையுங்கள்: 'விண்ணப்பம், நிலை நிலுவை, வந்து 7 நாள் தாண்டியது'. திங்கள்கிழமை காலை முதல் வேலை அந்தப் பட்டியல்தான். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற அறிக்கையைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். இடமில்லை என்றால் இடமில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள், அதையும் பதியுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் தாமாக முன்வருவது எவ்வளவு அரிது! நீங்கள் ஒருமுறை நேரிலோ போனிலோ கேட்டுவிடுங்கள், ஐயா. தவறே இல்லை.

வேளச்சேரி, மழை நிவாரணக் குழு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஃபார்ம்கள் வந்து குவிந்தன. அடுத்த மழைக்கு அந்தப் பட்டியல் உதவுமா?

அப்படியே உதவாது. வெள்ள நேரத்தில் வந்தவர்களை நிரந்தரத் தன்னார்வலராகப் பதியாமல், அந்தப் புயலின் பெயரில் ஒரு குரூப்பில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது, செப்டம்பரிலேயே "இந்த வருடமும் கூப்பிடலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவர்களைப் புதுக் குரூப்பில் சேருங்கள். ஃபார்மைச் சுருக்குங்கள்: பெயர், கைபேசி, பின்கோடு, வண்டி உண்டா, எந்த நேரம் வர முடியும். ஏரியா பெயரை எழுதச் சொன்னால் வேளச்சேரியையே ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். 600042 என்றால் ஒரே விதம்தான். தண்ணீர் ஏறும்போது பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தேட 600100 கைகொடுக்கும். ஆதார் கேட்காதீர்கள்.

அடையாறு, கல்லூரி மாணவி: அண்ணா, என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மணிநேரத்துக்கு அமைப்பிடம் சான்று கேட்டால் தோராயமாக எழுதித் தருகிறார்கள்.

வருடத்துக்கு 120 மணி, இரண்டு வருடத்தில் 240 மணி என்பது கணக்கு. அன்றன்று பதிந்தால்தான் அது நிற்கும். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் கிளம்பும்போதே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) பிரிவு: எங்கள் ஊழியர்கள் உழைத்த மணிநேரத்தைப் பணமாக மதிப்பிட்டு சிஎஸ்ஆர் செலவில் சேர்க்க, அமைப்பின் டேட்டாபேஸ் அறிக்கை போதுமா?

சேர்க்க முடியாது. மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட கேள்வி பதிலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மணிநேர அறிக்கையை உங்கள் பார்வைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நீலாங்கரை, ஆமை நடைக் குழு (இரவில் கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பவர்கள்): மே மாதம் வந்தால் யாருமே வருவதில்லை. 'விலகினார்' என்று போடுவதா?

கூடாது. பங்குனி ஆமை முட்டையிடுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. உங்கள் ஆட்களின் காலமும் அதுதான். கடைசியாக வந்த தேதியை மட்டும் பாருங்கள். இரண்டு சீசன் தொடர்ந்து வராதவரிடம் கேட்டுவிட்டு முடிவுத் தேதி போடுங்கள்.

பெரம்பூர், சிறார் இல்லம்: சரிபார்ப்புச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றிவைத்திருக்கிறோம். ஒருவர் மேல் புகார் வந்து நிறுத்திவிட்டோம். அவர் தன் விவரங்களை அழிக்கச் சொல்கிறார்.

ஆதார் நகலை எடுத்துவிடுங்கள். சான்றிதழை எந்தத் தேதியில் யார் பார்த்தார் என்ற பதிவு போதும். எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் வைத்திருப்பதுதான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. 18 வயது நிறையாத தன்னார்வலர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

புகார் வேறு விஷயம். பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். டேட்டாபேஸில் குறிப்பு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. புகார் தொடர்பான பதிவை அழிக்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். 'மீண்டும் சேர்க்கக் கூடாது' என்ற குறி இருக்கட்டும், காரணத்தை இருவர் மட்டும் பார்க்கும்படி அனுமதியைப் பூட்டுங்கள். அவர் வேறு கைபேசி எண்ணோடு திரும்பி விண்ணப்பித்தாலும் சிக்க, பிறந்த தேதியையும் ஒப்பிடும் இன்னொரு டூப்ளிகேட் விதி வையுங்கள்.

தாம்பரம்: நாங்கள் மொத்தமே நாற்பது பேர். எக்செல்லிலேயே இருந்துவிடலாமா?

தாராளமாக. ஆட்கள், விண்ணப்பங்கள், வந்த நாட்கள் என்று மூன்று ஷீட் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து மூன்றிலும் அதையே எழுதுங்கள். பின்னால் சிவிசிஆர்எம்முக்கு மாறினால் அந்த எண் வெளி அடையாள எண்ணாக உள்ளே போகும். முதலில் ஆட்களை ஏற்றி, அதன் பிறகு மற்ற இரண்டையும் ஏற்றினால் ஒவ்வொரு பதிவும் தன் ஆளோடு சேர்ந்துகொள்ளும்.