காப்பி மூட்டையோடு வந்த சிலந்திகள்: அந்தப் படம் எது?

விமானம் விழுந்து, அதிலிருந்த சிலந்திகள் ஒரு சிற்றூரைத் தாக்கும் பழைய படம் ஒன்றின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது ‘டரான்டுலாஸ்: தி டெட்லி கார்கோ’. (டரான்டுலா என்றால் உடலெல்லாம் மயிருள்ள பெரிய சிலந்தி.) 1977இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எடுத்தது. ஈக்வடாரிலிருந்து காப்பிக்கொட்டை ஏற்றி வந்து விழும் விமானம், ஆரஞ்சுக் கிடங்கு என்று நீங்கள் சொன்ன இரண்டும் அதில்தான் வரும்.

எப்படித் தேடினாலும் நடிகர் வில்லியம் ஷாட்னர் படமே வந்து நிற்கிறது என்கிறீர்கள். அது ‘கிங்டம் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்’. அதுவும் 1977, அதிலும் டரான்டுலா, அதிலும் ஒரு சிற்றூர். ஆனால் திரையரங்குக்கு வந்த படம்.

கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊரே வலைக்குள் மூடிக் கிடந்தால் ஷாட்னர் படம். குளவியின் ரீங்கார ஒலியை எழுப்பி, சிலந்திகள் அசையாமல் நின்றதும் பொறுக்கி எடுத்தால் நான் சொன்னது. (இந்த யோசனை முழுக்கக் கட்டுக்கதை இல்லை. டரான்டுலாவைக் கொட்டி முடக்கி, அதன்மேல் முட்டையிடும் குளவி நிஜமாகவே உண்டு. சத்தத்துக்கே விறைத்துப்போகும் என்பதுதான் சினிமா.)

ஒன்று மட்டும்: படத்தில் கடிபட்டவர் எல்லாம் சாவதை நம்பிவிடாதீர்கள். நிஜ டரான்டுலாக் கடி பெரும்பாலும் குளவி கொட்டிய அளவு வலிதான்.